கணிதப் பாடம் முடியவில்லை; ஜனவரி ஜேஇஇ எழுதலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் 12ஆம் வகுப்பு, தமிழ்நாடு பாடத்திட்டம். அண்ணன் பையனும் 12தான். பாகூரிலிருந்து புதுச்சேரியில் ஒரு பள்ளிக்குப் போகிறான், சிபிஎஸ்இ. இருவருமே ஜேஇஇ மெயின் எழுத நினைக்கிறார்கள்; என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வு அது, ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு அமர்வாக நடக்கும். ஜனவரித் தேர்வுக்குள் கணிதப் போர்ஷன் முடியாது என்று இரண்டு பள்ளியிலும் சொல்லிவிட்டார்கள். "பாதிப் பாடத்தோடு போய் எழுதி மனசு உடைவதைவிட, எல்லாம் முடித்துவிட்டு ஏப்ரலில் ஒரே தடவை எழுதினால் போதாதா?" என்கிறார்.

மகள் ஜனவரியில் எழுதட்டும் அம்மா. அண்ணன் பையனும் எழுதலாம். ஆனால் அவன் இன்றைக்கே பாட வரிசையில் ஒரு மாற்றம் செய்துகொண்டால்தான் அதில் பலன் உண்டு. இருவருக்கும் ஒரே பதில் ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்கு முன், ஏப்ரல் பற்றிய நினைப்பைக் கொஞ்சம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் பாடம் முடிந்திருக்கும், உண்மைதான். நேரம் இருக்குமா? 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3ஆம் தேதி தொடங்கி 25ஆம் தேதி முடிந்தது. ஜேஇஇ இரண்டாம் அமர்வு ஏப்ரல் 2ஆம் தேதியே தொடங்கிவிட்டது. நடுவில் கிடைத்தது ஒரு வாரம். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குப் பிப்ரவரி நடுவிலேயே பொதுத்தேர்வு ஆரம்பித்து ஏப்ரல் வரை இழுக்கிறது. அவர்களுக்கு அந்த ஒரு வாரமும் நிச்சயமில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் முழுக்கப் பொதுத்தேர்வு எழுத்துமுறையில் போய்விடும். ஐந்து மதிப்பெண் கணக்கைப் படிப்படியாக எழுதி, படம் போட்டு, பென்சிலில் கோடு அடித்துப் பழகிய கை, இரண்டரை நிமிஷத்தில் விடையைத் தட்டும் வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பாது. ஏப்ரலில் உட்காரும்போது பாடம் எல்லாம் படித்திருப்பாள், ஆனால் ஜேஇஇ மாதிரிக் கணக்கைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். அந்தத் தேர்வையே வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பது அன்றைக்குத்தான் என்றால், அது சரியான யோசனை இல்லை.

ஜனவரியில் எழுதுவதால் இழப்பு என்ன என்று பார்த்தால், பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அமர்விலும் எழுதினால் எது கூடுதலோ அதைத்தான் தரவரிசைக்கு எடுப்பார்கள். ஜனவரியில் மோசமாகப் போனால் அது யார் கண்ணிலும் படாது. பணம் கட்டிவிட்டுப் போகாமலே இருந்தாலும் ஏப்ரலுக்குத் தடையில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எழுதலாம் என்பதிலும், ஓர் ஆண்டின் இரண்டு அமர்வும் சேர்ந்து ஒரே வாய்ப்பாகத்தான் கணக்கு. கட்டணம் 2025இல் பெண்களுக்கு 800 ரூபாய், பொதுப் பிரிவு ஆண்களுக்கு 1000, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 500. ஏப்ரலுக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு தப்பெண்ணம் ஊரில் உலவுகிறது. ஜனவரியில் இயற்பியல் நன்றாகப் போய், ஏப்ரலில் கணிதம் நன்றாகப் போனால் இரண்டிலும் நல்லதை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள் என்று. இல்லை. ஓர் அமர்வின் மொத்த மதிப்பெண்ணுக்கான பெர்சன்டைலை அப்படியே எடுப்பார்கள், பாடம் பாடமாகப் பிரித்து ஒட்டமாட்டார்கள். அதனால் "ஜனவரியில் கணிதத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் பார்ப்போம்" என்ற திட்டம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று, "ஜனவரி பேப்பர் லேசாக இருக்கும்" என்பது. லேசாக இருந்தால் அந்த ஷிப்டில், அதாவது அதே வேளையில் அதே தாளோடு, உட்கார்ந்த எல்லோருக்கும்தான் லேசு. பெர்சன்டைல் என்பது அதே ஷிப்டில் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்கள் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்ற கணக்கு. பேப்பரின் கடினம் அதில் அடிபட்டுப் போகிறது.

சரி, இப்போது பாடத்துக்கு வருவோம். "போர்ஷன் முடியவில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. எது முடியவில்லை என்பதுதான் கேள்வி. கடலூர், புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு புத்தகம், அந்தப் பக்கம் வேறு புத்தகம். முன்பெல்லாம் புதுச்சேரி அரசுப் பள்ளிகளிலும் நம் தமிழ்நாட்டுப் புத்தகம்தான். அவை சிபிஎஸ்இக்கு மாறிய பிறகு, ஒரே வீட்டில் அண்ணன் படித்த வரிசை வேறு, தம்பி படிக்கும் வரிசை வேறு. இரண்டு பாடத்திட்டமும் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. ஆனால் ஜனவரி மூன்றாவது வாரத்தில் நின்று பார்த்தால் இருவருக்கும் ஓட்டை விழுந்திருக்கும் இடம் வேறு.

உங்கள் மகளின் புத்தகத்தைப் பாருங்கள். தமிழ்நாடு 11ஆம் வகுப்பிலேயே அணிகளும் அணிக்கோவைகளும் வந்துவிட்டன. வெக்டரில் புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல் வந்துவிட்டது. எல்லை, தொடர்ச்சி, வகையிடல் ஆயிற்று. தொகையிடலில் பிரதியிடல் முறை, பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம் வரை 11இலேயே இருக்கிறது. நிகழ்தகவில் பேயீஸ் தேற்றமும் அங்கேதான். 12ஆம் வகுப்பு முதல் தொகுதியில் அணிகளின் பயன்பாடு, கலப்பெண்கள், சமன்பாட்டியல், நேர்மாறு முக்கோணவியல், கூம்பு வளைவுகள், வெக்டர் பயன்பாடுகள் என்று ஆறு பாடம். இரண்டாம் தொகுதியில் ஆறு: வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகையீடுகளும் பகுதி வகைக்கெழுக்களும், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள், தனிநிலைக் கணிதம்.

இந்தக் கடைசி ஆறில் தனிநிலைக் கணிதம் ஜேஇஇக்கு வேண்டாம். அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்த தர்க்கப் பகுதியையும் 2024இல் ஜேஇஇ பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பகுதி வகைக்கெழு வேண்டாம். ஆறாவது பாடத்தில் தளத்தின் சமன்பாடுகள் பக்கம் பக்கமாக வரும். அதுவும் 2024 முதல் ஜேஇஇயில் இல்லை, பொதுத்தேர்வுக்கு மட்டும் படித்தால் போதும். அப்படியானால் டிசம்பருக்குள் ஏழாவது பாடம்வரை பள்ளியில் முடித்துவிட்டால், ஜேஇஇ கண்ணோட்டத்தில் அவளுக்கு மிச்சம் இருப்பது வரையறுத்த தொகையிடலும் பரப்பளவும், வகைக்கெழுச் சமன்பாடுகள், கொஞ்சம் நிகழ்தகவுப் பரவல். அவ்வளவுதான். இருபத்தைந்து கேள்வியில் ஐந்திலிருந்து ஏழு இதற்குள் வரலாம். ஷிப்டுக்கு ஷிப்ட் கூடும், குறையும். மீதி பதினெட்டுப் பக்கம் அவள் படித்த இடத்திலிருந்துதான் வரும்.

அண்ணன் பையனின் என்சிஇஆர்டி புத்தகம் இதற்கு நேர்மாறு. கலப்பெண், கூம்பு வளைவு, புள்ளியியல் எல்லாம் 11இலேயே முடிந்துவிட்டன. 12இல் முதல் பாகம் சார்புகளில் தொடங்கி, நேர்மாறு முக்கோணவியல், அணிகள், அணிக்கோவைகள், தொடர்ச்சியும் வகையிடலும், வகைக்கெழுவின் பயன்பாடுகள் என்று ஆறு பாடத்தோடு நிற்கிறது. இரண்டாம் பாகத்தில்தான் தொகையிடல் முழுவதும், பரப்பளவு, வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர், முப்பரிமாண வடிவியல், நேரியல் திட்டமிடல், நிகழ்தகவு. இதில் நேரியல் திட்டமிடல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஜேஇஇ விரும்பிக் கேட்கும் பாடங்கள். பள்ளி முதல் பாகத்தோடு நின்றுபோனால், இருபத்தைந்தில் பத்துப் பதினோரு கேள்வி அவனுக்குக் கைக்கெட்டாது. அதாவது, இருவரும் "பாதி முடியவில்லை" என்று ஒரே வார்த்தையைச் சொன்னாலும், அவளுக்குப் போவது கால்வாசி, அவனுக்குப் போவது கிட்டத்தட்டப் பாதி.

அதனால்தான் அவனுக்கு வரிசை மாற்றம் என்றேன். தொகையிடல் முடிந்த பிறகுதான் வெக்டர் என்று புத்தகம் போகிறது. ஆனால் வெக்டருக்குத் தொகையிடல் ஒரு துளியும் தேவையில்லை. முப்பரிமாண வடிவியலுக்கும் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு ஷிப்டில் சுமார் நான்கு கேள்வி தரும். இன்றைக்கு ஆரம்பித்தால் தீபாவளி மழை விடுமுறையிலேயே என்சிஇஆர்டி உதாரணக் கணக்குகளோடு முடித்துவிடலாம். நேர்கோட்டின் சமன்பாடு, இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள கோணம், ஒன்றையொன்று வெட்டாத கோடுகளுக்கு இடையே உள்ள மீச்சிறு தூரம், இவைதான் திரும்பத் திரும்பக் கேட்பது. பேயீஸ் தேற்றம் இரண்டு நாள். அப்புறம்தான் தொகையிடல். வகைக்கெழுச் சமன்பாட்டைத் தொகையிடலுக்கு முன் தொடாதே என்று சொல்லுங்கள். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து உள்ளே போனால் இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்வான். பள்ளியில் இரண்டாம் பாகம் எப்படியும் டிசம்பர், ஜனவரி முன்மாதிரித் தேர்வுக்குள் ஓட்டமாக ஓடி முடிப்பார்கள். அப்போது வெக்டர் இவனுக்குத் திருப்புதலாக இருக்கும், அந்த நேரத்தைத் தொகையிடலுக்குக் கொடுக்கலாம்.

மகளுக்கும் இப்படிச் சின்னச் சின்ன மலிவான இடங்கள் உண்டு. புள்ளியியல் என்று பார்த்தால் அவள் 11, 12 கணிதப் புத்தகத்தில் தரவுகளின் விலக்க வர்க்கச் சராசரி (வேரியன்ஸ்) கிடையாது. ஜேஇஇயில் அநேகமாக எல்லா ஷிப்டிலும் அதிலிருந்து ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும். கேள்வி இந்த மாதிரி இருக்கும்: ஐந்து எண்களின் சராசரி 6, விலக்க வர்க்கச் சராசரி 8, மூன்று எண்கள் 2, 4, 10, மற்ற இரண்டு எவை? மொத்தம் 30, தெரிந்தவை 16, ஆக மீதி இரண்டின் கூடுதல் 14. விலக்க வர்க்கச் சராசரியோடு சராசரியின் வர்க்கத்தைக் கூட்டினால் 44. ஐந்தால் பெருக்கினால் எல்லா வர்க்கங்களின் கூடுதல் 220. தெரிந்த மூன்றின் வர்க்கங்கள் 4, 16, 100. போக மீதி 100. கூடுதல் 14, வர்க்கங்களின் கூடுதல் 100 என்றால் 6, 8. முடிந்தது. இதற்கு வேண்டிய சூத்திரம் அவள் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே, புள்ளியியல் பாடத்தில் இருக்கிறது. அலமாரியிலிருந்து அதை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடுத்தால் போதும், நான்கு மதிப்பெண்.

வரையறுத்த தொகையிடலிலும் முழுப் பாடம் முடியாமலே கொஞ்சம் அறுவடை செய்யலாம். சைன் எக்ஸை, சைன் எக்ஸ் கூட்டல் காஸ் எக்ஸால் வகுத்து, பூஜ்யத்திலிருந்து பையில் (π) பாதிவரை தொகையிடச் சொன்னால், 11ஆம் வகுப்பு முறையில் போகிறவள் அரைப்பக்கம் எழுதுவாள். எக்ஸுக்குப் பதிலாக, எல்லைகளின் கூடுதலிலிருந்து எக்ஸைக் கழித்துப் போடு என்ற ஒரே ஒரு பண்பு தெரிந்தால், மேலே சைன் இருந்த இடத்தில் காஸ் வரும், கீழே மாறாது. இரண்டையும் கூட்டினால் உள்ளே வெறும் ஒன்றுதான். அதன் மதிப்பு பையில் பாதி, ஆகவே விடை பையில் கால். அரை நிமிஷம். இந்தப் பண்பும் ஒற்றை, இரட்டைச் சார்புக்கான பண்பும் 12ஆம் வகுப்பு ஒன்பதாவது பாடத்தின் நடுவில் இருக்கின்றன. அந்தச் சில பக்கங்களை மட்டும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். சுழற்சித் திண்மத்தின் கனஅளவு, காமா தொகையிடல் இதெல்லாம் ஜேஇஇக்கு வேண்டியதில்லை, பள்ளியில் வரும்போது வரட்டும்.

இந்த மாதிரி மலிவாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வது வேறு, ஜனவரிக்குள் எல்லாவற்றையும் முடித்தே தீருவேன் என்று வேகவேகமாக ஓட்டுவது வேறு. இரண்டாவதை நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. நான்கு பாடத்தை நாலு நாளில் வீடியோ பார்த்து முடித்த பிள்ளைக்கு ஜனவரியில் அந்த நான்கிலும் கேள்வி புரியும், விடை வராது. நெகட்டிவ் மார்க் விழுவது பெரும்பாலும் அங்கேதான். சுத்தமாகத் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்கு அந்த நஷ்டம் இல்லை. அதைவிட மோசம், மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு அதே பாடத்தைத் திரும்பப் படிக்கும்போது "இது தெரியுமே" என்று தாண்டிப் போய்விடுவாள்.

எழுதலாமா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டிலேயே ஒரு சனிக்கிழமையில் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பழைய கேள்வித்தாள்களை விடைக்குறிப்போடு, ஜேஇஇயை நடத்தும் தேசியத் தேர்வு முகமையே வெளியிடுகிறது. 2024 அல்லது அதற்குப் பிந்தைய தாளாக எடுங்கள். அதற்கு முன்னால் பாடத்திட்டம் வேறு. மூன்று வெவ்வேறு ஷிப்டுகளின் கணிதப் பகுதியை மட்டும் எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். 2024 தாளில் எண் விடைக் கேள்வி, அதாவது விடையை எண்ணாகவே தட்ட வேண்டியது, பத்து இருக்கும், அதில் ஐந்து எழுதினால் போதும் என்று இருந்தது. 2025 முதல் விருப்பத் தேர்வு போய், இருபது நான்கு-விடைக் கேள்வி, ஐந்து எண் விடைக் கேள்வி, எல்லாமே கட்டாயம். முதலில் கணக்கே போடாமல் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பாடத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பாடத்தின் பெயரே தெரியவில்லை என்றாலும் அது ஒரு தகவல்தான். ஜனவரிக்குள் நிச்சயமாக முடிந்துவிடும் பாடத்துக்கு டிக், மற்றதற்கு வட்டம். அப்புறம் டிக் போட்டதை மட்டும் கடிகாரம் இல்லாமல் போட்டுப் பார்க்கட்டும்.

மூன்று தாளிலும் சராசரியாகப் பதினைந்துக்கு மேல் டிக் விழுந்து, அதில் பாதி சரியாக வந்தால், யோசிக்காமல் விண்ணப்பம் போடுங்கள். கணிதத்தில் 100க்கு 35, 40 என்பது ஜேஇஇயில் கேவலமான மதிப்பெண் இல்லை. பிளஸ் டூவில் சதம் போடுகிற பிள்ளைகளே அங்கே திணறுவார்கள். டிக் பன்னிரண்டுக்குக் கீழே என்றால் ஜனவரித் தேர்வு வெறும் ஒத்திகைதான். அந்த ஒத்திகைக்காகப் பொங்கலைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது வீட்டு நிலைமையைப் பொறுத்தது. டிக் நிறைய இருந்தும் சரியாக வருவது மூன்று நான்குதான் என்றால், குறை பாடம் முடியாததில் இல்லை. 11ஆம் வகுப்பு ஆட்டம் கண்டிருக்கிறது. அதற்கு ஏப்ரல் வரை காத்திருந்தாலும் மருந்து கிடைக்காது, இப்போதே 11ஆம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். நான் பார்த்தவரை நம் பக்கத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இந்த வகை. ஜனவரியா ஏப்ரலா என்று வீடே விவாதம் செய்துகொண்டிருக்கும், பிள்ளைக்கு முக்கோணவியல் சூத்திரம் மறந்திருக்கும்.

எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லும் வீடுகளும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுதான் இலக்கு, என்ஐடி நினைப்பே இல்லை என்றால் ஜேஇஇ எதற்கு? கட்-ஆஃப் 200இல் கணிதம் மட்டுமே 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50ஆகச் சுருங்கும். பள்ளிக் கணிதத்தில் போகும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் கட்-ஆஃபில் முழுசாகப் போகும். புதுச்சேரியில் சென்டாக் கலந்தாய்வு வழியாகத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றாலும் பிளஸ் டூ மதிப்பெண்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பலருக்கு ஜனவரியைப் பள்ளிக் கணிதத்துக்கே கொடுப்பது மேல். அதேபோல, என்ஐடிக்கு பிளஸ் டூவில் 75 சதவீதம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். காலாண்டில் 65, 70இல் ஊசலாடும் பிள்ளை முதலில் அதைச் சரிசெய்யட்டும்.

உங்கள் வீட்டு இரண்டு பிள்ளைகளின் இலக்கும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். என்ஐடியில் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. சொந்த மாநிலம் எது என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை, பிளஸ் டூ எந்த மாநிலத்துப் பள்ளியில் தேறினார்கள் என்பதுதான் கணக்கு. மகளுக்குத் திருச்சி, அண்ணன் பையனுக்குக் காரைக்காலில் இருக்கும் புதுச்சேரி என்ஐடி. திருச்சிக்குத் தமிழ்நாடு முழுக்கப் போட்டி. காரைக்காலின் சொந்த மாநில இடங்களுக்குப் போட்டி போடுவது சின்ன யூனியன் பிரதேசப் பிள்ளைகள். என்ஐடி கலந்தாய்வை நடத்தும் ஜோசாவின் தளத்தில் போன வருடக் கடைசி ரேங்குகளை இரண்டு கல்லூரிக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அறையும். ஆக, பாதிப் பாடத்தோடு எழுதினாலும் அவனுக்கு ஜனவரி மதிப்பெண்ணே கடைசிவரை உதவக்கூடிய மதிப்பெண்ணாக அமையலாம். மகளுக்குத் திருச்சியில் கணினி அறிவியல்தான் வேண்டும் என்றால் ஜனவரி மட்டும் போதாது, ஏப்ரலையும் எழுதியே ஆக வேண்டும். கடலூரில் குடியிருந்துகொண்டு பிள்ளையைப் புதுச்சேரிப் பள்ளியில் போடுகிற குடும்பங்கள் இந்த விஷயத்தைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை, நல்லதற்கும் சரி கெட்டதற்கும் சரி.

நாள்காட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் இருக்கிறவர் போடும் திட்டம் நமக்கு ஒத்துவராது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கடலூர், விழுப்புரம் பக்கம் பாதிக்கப்பட்ட பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வையே ஜனவரி தொடக்கத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அரையாண்டு முடிய, பொங்கல் வர, ஜனவரி 22ஆம் தேதி ஜேஇஇ வந்து நின்றது. 2011இல் தானே புயல் வந்ததும் டிசம்பர் 30இல்தான். அதனால் நம் பிள்ளைகளுக்கு டிசம்பரை நம்பித் திட்டம் போடக் கூடாது. மேலே சொன்ன வெக்டர், புள்ளியியல், அந்தத் தொகையிடல் பண்புகள் எல்லாம் நவம்பர் நடுவுக்குள் முடிய வேண்டும். கரண்ட் இல்லாத நாளிலும் படிக்கிற மாதிரி தாளில் அச்சடித்து வைத்திருந்தால் நல்லது. மாக் டெஸ்ட் மட்டும் கம்ப்யூட்டரில் எழுதட்டும். திரையில் கேள்வி, மடியில் ரஃப் தாள் என்று கண் மேலும் கீழும் போய் வருவதற்குப் பழக்கம் வேண்டும்.

விண்ணப்பம் அக்டோபர் கடைசியில் திறந்து நவம்பரில் மூடிவிடும். மகள் தமிழ் வழி என்றால் கேள்வித்தாளுக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், தமிழ்நாடு, புதுச்சேரி மையங்களில் கிடைக்கும். கூடவே ஆங்கிலமும் வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவம்தான் செல்லும் என்பதால், வெக்டர், டிரைவேட்டிவ் மாதிரிச் சொற்கள் ஆங்கிலத்திலும் கண்ணுக்குப் பழகியிருக்கட்டும். தேர்வு காலை 9 முதல் 12 அல்லது மாலை 3 முதல் 6.

தேர்வு அறையில் படிக்காத பாடத்துக் கேள்வி வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். சரிக்கு நான்கு, தப்புக்கு மைனஸ் ஒன்று. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குத்தினால் சராசரியில் கால் மதிப்பெண் லாபம் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அது பல கேள்விக்கான சராசரி. ஒன்றிரண்டு கேள்வியில் அது அநேகமாக மைனஸாகத்தான் முடியும். இரண்டு விடையை உறுதியாக அடித்துவிட முடிந்தால் மட்டும் மீதி இரண்டில் ஒன்றைத் தொடலாம். எண் விடைக் கேள்வியில் குத்துமதிப்புக்கு இடமே இல்லை, அங்கேயும் தப்புக்கு மைனஸ் உண்டு. தெரியாததை அப்படியே விட்டுவிட வேண்டும். பொதுத்தேர்வில் "அல்லது" போட்டு ஒரு பாடத்தைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம் இருப்பதால், விட்டுவிட்டுப் போவது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. என்ன, இங்கே எதை விடுவது என்பதைப் போகும்போதே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். மகளானால் வகைக்கெழுச் சமன்பாடும் பரப்பளவும் முதல் சுற்றில் கண்ணால் பார்க்கவே வேண்டாம்.

தேர்வு முடிந்த சில நாளில் அவரவர் விடைத்தாளும் தற்காலிக விடைக்குறிப்பும் இணையத்தில் வரும். அதை இறக்கிக் கணிதத்தில் தப்பானதை மட்டும் பாருங்கள்: படிக்காததால் போனது எத்தனை, படித்தும் போனது எத்தனை. முதல் வகை எப்படியும் பிப்ரவரியில் பள்ளியே முடித்துவிடும், அதைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டாவது வகையை ஒரு தாளில் பாடவாரியாக எழுதி மேஜைமேல் ஒட்டிவிட்டு, ஏப்ரல் அமர்வுக்கான விண்ணப்பத்தைப் பிப்ரவரியில் மறக்காமல் போட்டுவிட்டு, பொதுத்தேர்வுக்குப் போய்விடலாம். மார்ச் கடைசியில் கிடைக்கும் அந்த ஒரு வாரத்துக்கு அந்தத் தாள் போதும்.